இரண்டு மொழி, மூன்று மொழி: தொட்டில் முதல் முதுமை வரை சென்னை வீடுகளில் கேட்கும் கேள்விகள்

சென்னையில் ஸ்பீச் தெரபிஸ்டாக வேலை செய்கிறேன். காலையில் குழந்தைகள் வருவார்கள், சாயங்காலம் பக்கவாதத்தில் பேச்சு போன பெரியவர்கள். வயது எதுவானாலும் கூட வருகிறவர்கள் கேட்பது பெரும்பாலும் மொழியைப் பற்றித்தான். எதில் பேசுவது, எதை விடுவது? சௌகார்பேட்டைக்காரர்கள் வீட்டில் மார்வாரியும் குஜராத்தியும் இருக்கும், திருவல்லிக்கேணியில் உருது இருக்கும், தெலுங்கு வீடுகள் ஊர் முழுக்க உண்டு. ஓஎம்ஆர் அடுக்ககங்களில் ஒரே லிப்டில் நான்கு மொழி கேட்கும். திரும்பத் திரும்ப வரும் கேள்விகளுக்கு நான் சொல்லும் பதில்களை இங்கே எழுதியிருக்கிறேன்.

எங்கள் பையனுக்கு இரண்டேகால் வயது. வீட்டில் தெலுங்கு, பக்கத்து வீட்டில் தமிழ், கிரஷ்ஷில் இங்கிலீஷ். சரியாகப் பேசவில்லை. "ஒரே மொழியில் பேசுங்கள், குழம்புகிறான்" என்கிறார்கள். நிறுத்திவிடலாமா?

நிறுத்த வேண்டாம். நான் அதிகம் கேட்கும் கேள்வி இதுதான், அதிகம் சேதம் செய்யும் அறிவுரையும் இதுதான். இரண்டு மொழி கேட்பதால் பேச்சு தாமதமாகாது. ஒரு மொழி வீட்டுக் குழந்தையானாலும் இரு மொழி வீட்டுக் குழந்தையானாலும் முதல் சொல் ஒரு வயதை ஒட்டித்தான் வரும். இரண்டு வயது வாக்கில் இரண்டு சொல்லைச் சேர்த்துப் பேசுவதும் அப்படியே.

தவறு நடப்பது சொற்களை எண்ணிக் கணக்கெடுப்பதில். ஒரு அம்மம்மா பேரனைக் கூட்டிக்கொண்டு வந்தார். வேறோர் இடத்தில் இங்கிலீஷ் பட்டியலை வைத்துப் பார்த்து "எட்டுச் சொல்தான் இருக்கிறது" என்று எழுதிக் கொடுத்திருந்தார்கள். அவரிடம் ஒரு நோட்டைக் கொடுத்து, ஒரு வாரம் பையன் வாயிலிருந்து வருவதையெல்லாம் எழுதச் சொன்னேன். பாலு, நீள்ளு, ரா, வத்து, அன்னம் என்று தெலுங்கில் ஒரு பக்கம். தண்ணி, வேணாம், போச்சு, மேல என்று தமிழில் ஒரு பக்கம். கார், ஷூ, பைபை என்று இன்னொரு பக்கம். எல்லாம் சேர்த்து ஐம்பதைத் தொட்டது. அவன் "பால்" என்று சொன்னபோது பந்தைக் கேட்கிறானா, குடிக்கக் கேட்கிறானா என்று கை நீட்டும் திசையைப் பார்த்துத்தான் கண்டுபிடித்தோம். நாய்க்கு "குக்க", "டாகி" என்று இரண்டு சொல் வைத்திருந்தான். "பாலு வேணாம்", "குக்க போச்சு" என்றும் சொன்னான். தெலுங்குச் சொல்லும் தமிழ்ச் சொல்லும் ஒட்டிய அந்தத் தொடர், இரண்டு சொல் சேர்க்கும் திறன் வந்துவிட்டதற்குச் சாட்சி. அந்தப் பையனுக்கு எந்தக் குறையும் இல்லை. அம்மம்மாதான் மூன்று மாதமாக அவனிடம் வாயைத் திறக்கப் பயந்துகொண்டிருந்தார்.

இதற்கு மறுபக்கமும் உண்டு. எல்லா மொழியையும் கூட்டிப் பார்த்த பிறகும் சொற்கள் குறைவாக இருக்கிறதா? பெயர் சொல்லிக் கூப்பிட்டால் திரும்புவதில்லையா? வேண்டியதை விரல் நீட்டிக் காட்டுவதில்லையா? அப்போது "ரெண்டு பாஷை, அதான் லேட்" என்று சொல்லிக்கொண்டு காத்திருக்காதீர்கள். முதலில் பெரா என்று சொல்கிற காது பரிசோதனை. அதன் பிறகு மற்றது. அரசு மருத்துவமனைகளின் காது மூக்கு தொண்டைப் பிரிவில் கேளுங்கள். முட்டுக்காட்டில் மாற்றுத்திறனாளிகளுக்கான மத்திய அரசு நிறுவனமும் இருக்கிறது.

கைக்குழந்தைக்கு இது ஒரு மொழி, அது வேறு மொழி என்று தெரியுமா?

தெரியும். கர்ப்ப காலத்தில் ஆங்கிலமும் தகலோக்கும் பேசிய தாய்மார்களின் குழந்தைகளைப் பிறந்த சில நாட்களிலேயே சோதித்தார்கள். அவை இரண்டு மொழியையும் விரும்பிக் கேட்டன, இரண்டையும் பிரித்தும் அறிந்தன. 2010-ல் வெளியான ஆய்வு அது.

1984-ல் ஜேனட் வெர்க்கரும் ரிச்சர்ட் டீஸும் கனடாவில் செய்த ஆய்வு நமக்கு இன்னும் நெருக்கமானது. இந்தியில் உள்ள த, ட ஒலி வேறுபாட்டை ஆங்கில வீட்டுக் குழந்தைகளுக்குக் கேட்க வைத்தார்கள். ஆறேழு மாதத்தில் அந்த வேறுபாடு அவர்களுக்குத் தெரிந்தது. ஒரு வயதை நெருங்கும்போது பெரும்பாலும் மறைந்துவிட்டது. காதில் விழாத ஒலியை மூளை கணக்கில் வைத்துக்கொள்வதில்லை. அதனால்தான் வீட்டிலுள்ள பாட்டி தன் மொழியில் குழந்தையிடம் இப்போதே பேச வேண்டும் என்கிறேன்.

அம்மா ஒரு மொழி, அப்பா ஒரு மொழி என்று பிரித்துப் பேசினால்தான் நல்லதாமே?

பிரெஞ்சு மொழியியலாளர் ஜூல் ரோன்ஜா தன் மகனை அப்படி வளர்த்து, 1913-ல் அதைப் புத்தகமாக எழுதினார். அதிலிருந்து இது ஒரு விதி மாதிரி பரவிவிட்டது. உங்களுக்கு இயல்பாக வந்தால் செய்யுங்கள். கூட்டுக் குடும்பத்தில் மாமனார், மாமியார், கொழுந்தனார், வேலைக்கு வரும் அக்கா எல்லோரும் சேர்ந்திருக்கும்போது ஆளுக்கொரு மொழி என்று கோடு போட முடியாது. போடாமலே தலைமுறை தலைமுறையாகப் பிள்ளைகள் கற்றிருக்கிறார்கள். ஒவ்வொரு மொழியும் தினமும் போதுமான நேரம், நேருக்கு நேர் காதில் விழுகிறதா என்பதைப் பாருங்கள்.

யூடியூபில் இங்கிலீஷ் ரைம்ஸ் போட்டுவிட்டால் போதாதா?

போதாது. பட்ரீஷியா குல் என்பவர் 2003-ல் அமெரிக்காவில் ஒன்பது மாதக் குழந்தைகளுக்குச் சீன மொழியைக் கேட்க வைத்தார். ஆள் நேரில் உட்கார்ந்து விளையாடிப் பேசிய குழந்தைகள் அந்த ஒலிகளைக் கற்றன. அதே பேச்சைத் திரையில் பார்த்த குழந்தைகள் கற்கவில்லை.

பிள்ளை எல்லாவற்றையும் கலந்து பேசுகிறாள். எந்த மொழியும் உருப்படியாக வராமல் போய்விடுமோ?

அவள் எப்படிக் கலக்கிறாள் என்று கொஞ்சம் உற்றுக் கேளுங்கள். என் அறையில் நாலு வயதுக் குழந்தை ஒருத்தி, "ஆன்ட்டி, நான் பஸ்ல விண்டோவை ஓப்பன் பண்ணிட்டேன்" என்றாள். இங்கிலீஷ் பெயர்ச்சொல்லுக்குத் தமிழ் வேற்றுமை உருபைச் சரியாகப் போட்டிருக்கிறாள். இங்கிலீஷ் வினைச்சொல்லைத் தனியே விடாமல் "பண்ணு" சேர்த்து, அதற்குக் காலமும், செய்தது தான் என்பதும் காட்டியிருக்கிறாள். வினையைக் கடைசியில் வைத்திருக்கிறாள். "ஓப்பன்ட்டேன்" என்று எந்தக் குழந்தையும் சொல்லி நான் கேட்டதில்லை. இரண்டு இலக்கணமும் உள்ளே இருந்தால்தான் இப்படிக் கலக்க முடியும்.

கலப்பு நமக்குப் புதிதும் கிடையாது. ஜன்னலும் சாவியும் அலமாரியும் போர்த்துகீசியத்திலிருந்து வந்தவை. நாஷ்டாவும் பேஜாரும் உருது வழியாக வந்தவை. இவற்றைப் பேசிப் பேசியே மெட்ராஸ் பாஷை வளர்ந்தது.

கவனிக்க வேண்டியது ஒன்று: தாத்தாவிடம் பேசும்போது அவருக்குப் புரிகிற மாதிரி மாற்றிக்கொள்கிறாளா? மூன்று நான்கு வயதில் பெரும்பாலான பிள்ளைகள் மாற்றிக்கொள்வார்கள். கலந்து பேசினால் திட்டாதீர்கள். "விண்டோவைத் திறந்துட்டியா, ஜன்னல் வழியா என்ன பார்த்தே?" என்று சொல்லைச் சேர்த்துத் திருப்பிக் கொடுங்கள்.

பள்ளியில் "வீட்டிலும் இங்கிலீஷிலேயே பேசுங்கள்" என்று சொல்லி அனுப்புகிறார்கள். கேட்காவிட்டால் பிள்ளை பின்தங்கிவிடாதா?

இதைக் கேட்டாலே எனக்கு ஆற்றாமையாக இருக்கும். ஒரு அம்மா, பூ வியாபாரம் செய்கிறவர், ஒரு பள்ளி சொன்னதை நம்பி மகளிடம் "கம், ஈட், சிட், கோ" என்று நான்கு சொல்லிலேயே ஒரு வருடம் பேசியிருக்கிறார். தமிழில் அந்த அம்மா பேசக் கேட்க வேண்டும்: கோயம்பேட்டில் விடிகாலை என்ன நடந்தது, மழையில் மல்லி ஏன் கருகியது, யார் கடன் வைத்தார்கள் என்று காரணம், வரிசை, உணர்ச்சி எல்லாம் கோத்து ஒரு கதையே சொல்வார். அந்த மகளுக்குக் கிடைத்திருக்க வேண்டிய மொழி அது. கதையைப் பின்தொடர்வது, ஏன் என்று கேட்பது, முன்னது பின்னதைச் சேர்ப்பது, இவையெல்லாம் ஒரு மொழியில் வந்துவிட்டால் அடுத்த மொழிக்கும் கூடவே வரும். அரைகுறை இங்கிலீஷில் அவை வளர வழியில்லை.

மொழிச் சிறுபான்மைப் பிள்ளைகள் தாய்மொழியில் தொடக்கக் கல்வி பெற வசதி செய்யச் சொல்லும் 350ஏ பிரிவு, 1956 முதல் நம் அரசியலமைப்பில் இருக்கிறது. தமிழ்நாட்டில் 1968 முதல் இருமொழிக் கொள்கை. 2006-ல் வந்த சட்டப்படி பத்தாம் வகுப்பு வரை தமிழ் கட்டாயப் பாடம். இங்கிலீஷைப் பள்ளி கற்றுக்கொடுக்கட்டும், அது அவர்கள் வேலை. நீங்கள் உங்களுக்கு நன்றாக வரும் மொழியில் பேசுங்கள்.

வீட்டில் தமிழ்தான் பேசுகிறோம். ஆனாலும் மகனுக்குத் தமிழ்ப் பாடத்தில் மார்க் வரவில்லையே, ஏன்?

அவன் கற்க வேண்டியது ஒரு தமிழ் மட்டும் இல்லை. "அவங்க வீட்ல இருக்காங்க" என்பது வீட்டுத் தமிழ். "அவர்கள் வீட்டில் இருக்கிறார்கள்" என்பது புத்தகத் தமிழ். ஒரே சமூகம் இரண்டு வடிவங்களை இரண்டு வேலைக்கு வைத்துக்கொள்வதைச் சார்லஸ் பெர்குசன் 1959-ல் விளக்கி எழுதினார். தமிழ் அதற்கு நல்ல உதாரணம். எழுத்துத் தமிழ் யாருக்கும் தொட்டிலில் கிடைப்பதில்லை, படித்துக் காட்டினால்தான் வரும். தினமும் பத்து நிமிடம் ஒரு கதைப் புத்தகத்தை உரக்கப் படியுங்கள், படித்த பக்கத்தைப் பேச்சுத் தமிழில் அவனைத் திருப்பிச் சொல்லச் சொல்லுங்கள். சிவப்பு மையால் திருத்துவதைவிட இது வேலை செய்யும்.

இரண்டு மொழியால் திக்குவாய் வருமா?

வராது. இரண்டிலிருந்து ஐந்து வயதுக்குள் பல பிள்ளைகளுக்குச் சொல் தடுக்குவது உண்டு, ஒரு மொழி மட்டும் பேசும் பிள்ளைகளுக்கும்தான். மாதக்கணக்கில் நீடித்தாலோ, முகம் இறுகித் திணறினாலோ காட்டுங்கள்.

ஆட்டிசம் இருக்கிறது, டவுன் சிண்ட்ரோம் இருக்கிறது என்றால் ஒரு மொழி போதுமே? பாவம், அந்தப் பிள்ளை மேல் ஏன் சுமை?

அக்கறையில் கேட்கிறீர்கள், தெரியும். ஆனால் இந்தப் பிள்ளைகளிடம் செய்த ஆய்வுகளில், இரு மொழிச் சூழலில் வளர்கிறவர்கள் அதே நிலையிலுள்ள ஒரு மொழிப் பிள்ளைகளைவிடப் பின்தங்கவில்லை. நடைமுறையில் யோசித்துப் பாருங்கள். தெரபி இங்கிலீஷில், வீடு முழுக்கத் தமிழில். தமிழை எடுத்துவிட்டால் சாப்பாட்டு நேரத்துப் பேச்சு, அண்ணன் தங்கச்சி சண்டை, பாட்டியின் கொஞ்சல் எதுவும் அந்தப் பிள்ளைக்குப் போய்ச் சேராது. பழக ஆள் அதிகம் தேவைப்படும் பிள்ளையிடமிருந்து ஆட்களைப் பிரிக்கும் காரியம் அது. தெரபிஸ்டுக்குத் தமிழ் தெரியாவிட்டால், வீட்டில் ஒருவர் கூட உட்கார்ந்து அதே பயிற்சியைத் தமிழில் செய்யட்டும்.

எனக்கு நாற்பது வயது. பீகாரிலிருந்து வேலைக்கு வந்தேன். இனிமேல் தமிழ் வருமா?

வரும். சுமார் 6.7 லட்சம் பேரின் இலக்கணத் தேர்வை வைத்து 2018-ல் வெளியான ஆய்வு, இலக்கணத்தைக் கற்கும் வேகம் பதினேழு, பதினெட்டு வயது வரை குறையாமல் இருப்பதாகச் சொன்னது. அதன் பிறகு கற்கவே முடியாது என்று அர்த்தமில்லை, ஊர்க்காரர் மாதிரியே ஆவது கடினமாகும். அதே சமயம் ஆரம்ப மாதங்களில் பெரியவர்கள் சிறுவர்களைவிட வேகமாகக் கற்பதை 1978-லேயே நெதர்லாந்தில் பார்த்திருக்கிறார்கள்.

"நாம", "நாங்க" வேறுபாடு உங்களுக்கு முதலில் குழப்பும், ஏனென்றால் இந்தியில் இரண்டுக்கும் "ஹம்"தான். முதலாளியிடம் "நாம சாப்பிடப் போறோம்" என்றால் அவரையும் கூப்பிடுகிறீர்கள். "நாங்க" என்றால் அவர் இல்லை. ழகரத்தைப் பற்றிக் கவலைப்படாதீர்கள், "வாயப்பயம்" என்று சொல்லும் சென்னைக்காரர்கள் நிறைய. டீக்கடையில் கணக்குச் சொல்வது, பஸ்ஸில் இறங்குமிடம் கேட்பது என்று தினமும் நடக்கும் பேச்சிலிருந்து ஆரம்பியுங்கள். உள்ளூர்க்காரர்களிடம் ஒரு வேண்டுகோள்: அவர் தட்டுத் தடுமாறித் தமிழ் பேசும்போது உடனே இந்திக்குத் தாவாதீர்கள், சிரிக்கவும் சிரிக்காதீர்கள். அந்த அரை நிமிடப் பொறுமைதான் அவருடைய வகுப்பு.

ஆபீஸில் என் இங்கிலீஷில் தமிழ் வாடை அடிக்கிறது என்கிறார்கள். மாற்ற வேண்டுமா?

"டுடே ஒன்லி ஐ கேம்" என்பது "இன்னைக்குத்தான் வந்தேன்" என்பதன் "தான்". புரிந்துவிட்டதென்றால் விடுங்கள். புரியாமல் போகும் இடங்கள் வேறு: அவசரமாகப் பேசுவது, சொல்லில் அழுத்தம் இடம் மாறி விழுவது. அவற்றைப் பயிற்சியில் சரி செய்யலாம். உச்சரிப்பை முழுக்க மாற்றித் தருகிறேன் என்று பணம் கேட்பவர்களிடம் போக வேண்டாம்.

டாக்டரிடம் எந்த மொழியில் பேசுவது?

வலி எந்த மொழியில் வருகிறதோ அதில். கால் குடைகிறது, கடுக்கிறது, இழுக்கிறது, மரத்துப்போகிறது. நெஞ்சு கரிக்கிறது, குத்துகிறது, அடைக்கிறது. தலை விண் விண்ணென்று தெறிக்கிறது. இத்தனையும் "பெயின்" என்ற ஒரே சொல்லில் அடங்கிவிட்டால் டாக்டருக்குக் கிடைக்க வேண்டிய துப்பு போய்விடும். நெஞ்சு கரிப்பதும் நெஞ்சு அடைப்பதும் ஒன்றா? அப்பாவுக்குப் பதிலாக நீங்கள் இங்கிலீஷில் சொல்லாதீர்கள். அவர் முதலில் சொல்லட்டும், நீங்கள் பிறகு மொழிபெயருங்கள்.

இரண்டு மொழி தெரிந்தால் மறதி நோய் வராதாமே?

வராது என்று யாரும் சொல்ல முடியாது. ஐதராபாத்தில் சுவர்ணா அல்லாடியும் குழுவினரும் டிமென்ஷியா உள்ள 648 பேரின் விவரங்களைப் பார்த்து 2013-ல் வெளியிட்டார்கள். ஒரு மொழிக்காரர்களைவிட இரு மொழிக்காரர்களுக்கு அறிகுறி சுமார் நாலரை வருடம் தள்ளித் தொடங்கியிருந்தது. எழுதப் படிக்கத் தெரியாதவர்களிடமும் அதே வித்தியாசம் இருந்தது. அப்படியானால் படிப்பு மட்டும் இதற்குக் காரணமாக முடியாது. எனக்கு அதில் ஒரு நிறைவு உண்டு: சந்தையில் மூன்று மொழியில் பேரம் பேசும் பாட்டிக்கும் அந்தப் பலன் இருக்கலாம். ஆனால் ஆட்களை வருடக்கணக்கில் பின்தொடர்ந்த வேறு சில ஆய்வுகளில் இந்த வித்தியாசம் தெரியவில்லை. பிரஷர், சுகர், காது இவற்றைக் கவனிப்பதற்கு மொழி மாற்றாகாது.

அப்பாவுக்குப் பக்கவாதம். தமிழ் வரவில்லை, சின்ன வயதுத் தெலுங்கு வருகிறது. தமிழிலேயே பேசச் சொல்லிக் கட்டாயப்படுத்தலாமா?

வேண்டாம், எது வருகிறதோ அதைப் பிடித்துக்கொள்ளுங்கள். முதலில் கற்ற மொழிதான் முதலில் திரும்பும் என்று ரிபோ என்ற பிரெஞ்சு உளவியலாளரும், அதிகம் புழங்கிய மொழிதான் முதலில் திரும்பும் என்று பிட்ரெஸ் என்ற பிரெஞ்சு மருத்துவரும் 19ஆம் நூற்றாண்டின் கடைசியிலேயே எழுதினார்கள். பெரும்பாலானோருக்கு இரண்டும் ஏறக்குறைய சேர்ந்தே மீளும். சிலருக்கு ஒன்று முந்தும், சிலருக்கு மாதங்கள் கழித்து மாறவும் மாறும்.

பெரம்பூரிலிருந்து ஒரு ரயில்வே ஓய்வூதியர் வந்தார். அவருடைய கேஸ் ஷீட்டில் "பேச்சு பொருளற்றது" என்று எழுதியிருந்தது. பூட்டுப் படத்தைக் காட்டினேன். "தாளம்" என்றார். தவறு என்று குறித்தேன். அடுத்த அட்டையை எடுப்பதற்குள் அவர் மனைவி என் கையைப் பிடித்து, "எங்க தெலுங்குல பூட்டுக்குத் தாளம்னுதாம்மா சொல்வோம்" என்றார். முந்தைய நாட்களின் தாளை எடுத்து அவரோடு உட்கார்ந்து மறுபடி பார்த்தேன். தவறு என்று நான் போட்டிருந்ததில் ஆறு சரி. அன்றிலிருந்து முதல் நாளே வீட்டாரிடம் கேட்டு எழுதிக்கொள்கிறேன்: எந்த மொழியில் பிறந்தார், எதில் படித்தார், எதில் வேலை செய்தார், எதில் சாமி கும்பிடுவார், எதில் கணக்குப் போடுவார். உங்கள் அப்பாவுக்கும் இதை ஒரு தாளில் எழுதி கேஸ் ஷீட்டோடு வைத்துவிடுங்கள்.

பாட்டிக்கு டிமென்ஷியா. ஐம்பது வருடம் தமிழ் பேசியவர், இப்போது தெலுங்கு மட்டும்தான் பேசுகிறார். பார்த்துக்கொள்ளும் பெண்ணுக்குத் தெலுங்கு தெரியாது. என்ன செய்வது?

பின்னால் கற்ற மொழி முன்னால் நழுவுவதை இந்த நோயில் நிறையப் பார்க்கிறோம். அவர் வேண்டுமென்று செய்யவில்லை. "தமிழ்ல சொல்லு பாட்டி" என்று கேட்கக் கேட்கப் பதற்றம்தான் கூடும்.

பார்த்துக்கொள்ளும் பெண்ணுக்கு இருபது சொல் போதும். தமிழ் எழுத்தில் பெரிதாக ஒரு அட்டையில் எழுதுங்கள்: நீள்ளு என்றால் தண்ணீர், ஆகலி என்றால் பசி, நொப்பி என்றால் வலி, சலி என்றால் குளிர். பயம் தெலுங்கிலும் பயம்தான். பாட்டி தன் ஊரில் கேட்ட பாட்டு, அவர் அம்மா அவரைக் கூப்பிட்ட செல்லப் பெயர் இவற்றையும் அதில் சேருங்கள். தெலுங்கு தெரிந்த உறவினர் யாராவது தினமும் ஒரே நேரத்தில் போன் செய்து ஸ்பீக்கரில் பேசட்டும், அந்தப் பெண்ணும் பக்கத்தில் இருந்து கேட்கட்டும். அட்டையைக் கட்டிலுக்கு மேலே, அவள் நின்றபடி படிக்கும் உயரத்தில் ஒட்டுங்கள். பாட்டியின் காதுக் கருவியில் பேட்டரி இருக்கிறதா என்று காலையில் ஒருமுறை பார்த்துவிடுங்கள்.